டிஎன் 50 வண்டியில் லடாக்

மன்னார்குடியிலிருந்து லடாக்கின் லே ஊர் வரைக்கும் காரிலேயே போய்வந்தோம் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர்?" ஒரு வழிக்கே மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வரும். ஆனால் அந்தக் கணக்கு ஜம்மு வரைக்கும்தான் செல்லுபடியாகும். அதற்கு மேலே கிலோமீட்டருக்கு மரியாதை கிடையாது. இன்று ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறோம், வழியில் இருக்கிற ஓடையைக் காலையில் தாண்டுகிறோமா மத்தியானமா, இந்த இரண்டை வைத்துத்தான் நாளைப் பிரிக்க வேண்டும். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒரு முழுப் பகல் போய்விடும், அது சரியான வேகம்தான். ரயில்வே மேம்பாலத்தைத் தவிர வேறு ஏற்றமே பார்க்காமல் வளர்ந்த நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது மண்டையில் ஏறக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

கூட வந்தவன் பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். மாப்ள என்று கூப்பிட்டே பழகிவிட்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பாமணியாற்றுப் பாசனத்தில் அவனுக்கு நிலம், போர்வெல் கிடையாது, ஆற்றுத் தண்ணீர் வந்தால்தான் வேலை. 2024-ல் ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கவில்லை. அணையில் நாற்பது சொச்சம் அடிதான் தண்ணீர். குறுவை இல்லை என்று ஆனதும், டீக்கடையில் உட்கார்ந்து கர்நாடகாவில் மழை எப்போது என்று பேசிக்கொண்டிருப்பதற்குப் பதில் "கெளம்புடா, லடாக் போயிட்டு வந்துருவோம்" என்றான். அந்த வாரமே கிளம்பிவிட்டோம்.

வண்டி அவனுடையது. டர்போ டீசல். இதில் மூன்று சங்கதி இருக்கிறது, கிளம்புமுன்னே பார்த்துக்கொள்ள வேண்டியவை. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டர் ஏற ஏறச் சுமார் பத்து சதவீதம் இழுவையை இழந்துகொண்டே போகும், காற்று மெலிவதால். ஐயாயிரம் மீட்டர் கணவாயில் பாதி இன்ஜினை வைத்துக்கொண்டு ஏறுகிற நிலைதான். சின்ன பெட்ரோல் காரில் போகவே முடியாது என்றில்லை, கர்துங் லா கணவாயில் ஆல்டோவெல்லாம் நின்றுகொண்டிருந்தது. ஆள் குறைவாக, சாமான் குறைவாக, முதல் கியரில் பொறுமையாக ஏற வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு அப்போது டெல்லிக்குள் தடை இருந்தது. மூன்றாவது, வண்டி கூட வருகிறவர் பெயரில் இருக்கட்டும். வெளிமாநிலத்தில் வாடகைக்கு எடுத்த செல்ஃப் டிரைவ் காரை லேயிலிருந்து நுப்ரா, பாங்காங் பக்கம் கொண்டுபோக உள்ளூர் டாக்சிக்காரர்கள் விடுவதில்லை, நிறுத்தி ஆர்.சி. கேட்பார்கள்.

சமவெளியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாமக்கல்லில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று ஒரே ரோடு, அது கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகிற ரோடு. ஜூன் நடுவில் நாக்பூருக்கு மேலே வெயில் ஆளைக் கொன்றுவிடும். விடியுமுன் கிளம்பி, பதினொரு மணிக்கெல்லாம் ஓர் அறையைப் பிடித்துப் படுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி கொஞ்ச தூரம், இருட்டினால் நிறுத்தம். நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் எங்கள் டிஎன் 50 பலகையைப் பார்த்துவிட்டு ஒரு நாமக்கல் லாரி டிரைவர் அண்ணன் தானாக வந்து பேசினார். "ராத்திரி ஓட்டாதீங்க தம்பி. இந்தப் பக்கம் மாடெல்லாம் ரோட்டு மேலதான் படுத்துருக்கும், எருமைன்னா கிட்ட போற வரைக்கும் தெரியாது." அதற்கப்புறம் தினமும் பார்த்தோம், அவர் சொன்னது அப்படியே இருந்தது. பெஞ்ச் காட்டுப் பக்கம் ரோட்டையே தூண் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், கீழே மிருகங்கள் போய்வர. ஓரிடத்தில் அது முக்கால் கிலோமீட்டர் நீளம். டெல்லிக்குள் போகவே வேண்டாம், பல்வலில் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினால் குண்ட்லியில் இறங்கிவிடலாம்.

பஞ்சாப்தான் மாப்ளயைக் கலங்கடித்தது. லூதியானா பக்கம் ரோட்டின் இரண்டு பக்கமும் நடவு. பீகாரிலிருந்து வந்த ஆட்கள் வரிசை கட்டி நட்டுக்கொண்டிருக்கிறார்கள், மோட்டார் தண்ணீர் குழாய் நிறையக் கொட்டுகிறது. நெல்லுக்கென்றே பிறந்த மண்ணில் இவன் வயல் வெடித்துக் கிடக்க, கோதுமைச் சீமையில் நாற்று நடுகிறார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டான். அங்கே ஜூன் 10-க்கு முன் நடவே கூடாது என்று 2009-ல் சட்டமே போட்டார்கள். நிலத்தடி நீர் அவ்வளவு வேகமாக இறங்குகிறது, வெயில் உச்சத்தில் நட்டால் இன்னும் குடிக்கும். விளைகிற அரிசியில் பெரும்பகுதி மத்தியத் தொகுப்புக்குப் போகிறது, அவர்கள் வீட்டில் சாப்பிடுவது ரொட்டிதான். வயல்காரரோடு இவனுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அரை மணி நேரம். திரும்பி வந்து, "கரண்ட் ஃப்ரீ மாப்ள, நமக்கும்தான் ஃப்ரீ, ஆனா இவனுக்கு அடியில தண்ணி எங்கயோ போயிடுச்சு" என்றான். வெகுதூரம் வேறு எதுவும் பேசவில்லை.

ஜம்முவுக்கு முன்னாடியே முடிக்க வேண்டிய வேலைகள் இரண்டு. ஒன்று போன். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். ஊரிலேயே மாற்றிக்கொண்டு போய்விடுங்கள், எல்லையில் போய் அலையாதீர்கள். இரண்டு, கையில் ரொக்கம். டவர் இல்லாத இடத்தில் ஜிபே காட்டிப் பயனில்லை. இன்னொன்று, அமர்நாத் யாத்திரை நடக்கும் நாட்களில் ஜம்மு–ஸ்ரீநகர் ரோட்டில் யாத்திரை வண்டிகளின் அணிவகுப்புக்காக மற்ற வண்டிகளை நிறுத்திவைப்பார்கள். அந்த வருடம் ஜூன் 29-ல் யாத்திரை தொடக்கம், நாங்கள் அதற்கு முன்னே கடந்துவிட்டோம். தேதியைப் பார்த்துக் கிளம்புங்கள்.

இப்போது உயரம். லேவுக்கு ரோடு இரண்டு: ஸ்ரீநகர் வழி, மணாலி வழி. யார் என்ன சொன்னாலும் போகும்போது ஸ்ரீநகர் வழியாகப் போங்கள், வரும்போது மணாலி வழியாக வாருங்கள். காரணம் எளிது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். அங்கிருந்து சோன்மார்க், சோஜி லா கணவாய் 3,500 சொச்சம், அதைத் தாண்டி கார்கிலில் இறங்கிப் படுத்தால் 2,700-க்கும் கீழே. மறுநாள் ஃபோட்டு லா 4,100, ஆனால் படுக்கப்போவது லேயில், 3,500. பகலில் ஏறி ராத்திரிக்கு இறங்கி, உடம்பு பழகிக்கொண்டே போகிறது. மணாலி வழியில் போனால் 2,000 மீட்டரில் காலைச் சாப்பாடு, ராத்திரி சர்ச்சுவில் கூடாரம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். சர்ச்சு 4,300 மீட்டர். அந்தக் கூடாரங்களில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வாந்தி எடுத்தவர்களின் கதை லடாக் போன யாரைக் கேட்டாலும் கிடைக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்பது மருத்துவர்கள் சொல்கிற விதி. பகலில் கணவாய் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதைத் தாண்டி இறங்கிவிடலாம், படுக்கைதான் முக்கியம்.

சோஜி லா ரோடு பற்றி ஒரு வார்த்தை. சில இடங்களில் ஒரு வண்டிக்குத்தான் வழி, சேறு, ஒரு பக்கம் பார்க்கவே கூடாத பள்ளம். மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மரியாதை மட்டுமில்லை, விதியே அதுதான். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் இரண்டாவது கியரில் விட்டு இன்ஜினைக் கொண்டு வேகத்தைப் பிடியுங்கள். நம்ம ஊரில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் இருக்கிறவர்கள் அதை ஜம்முவிலேயே விட்டுவிட வேண்டும். ராணுவ வண்டி வரிசை வந்தால் ஒதுங்கி நின்று டீ குடியுங்கள், முந்தப் பார்க்க வேண்டாம்.

லே போய்ச் சேர்ந்ததும் முழுசாக இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருங்கள். உண்மையாகவே ஒன்றும். கடல் மட்டத்தில் கிடைக்கிற ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் அங்கே மூச்சுக்குக் கிடைக்கும். படியேறினால் மூச்சு வாங்கும், தூக்கம் கலைந்து கலைந்து வரும். தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். டயாமாக்ஸ் என்கிற அசிடசோலமைட் மாத்திரையை 125 மில்லிகிராம் வீதம் காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து போடச் சொல்வார்கள். சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் ஊரில் டாக்டரைப் பார்த்துக் கேட்காமல் தொடக்கூடாது. போட்டால் விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். கடையில் விற்கிற ஸ்பிரே டப்பா ஆக்சிஜன் என் கணக்கில் காசுக்குப் பிடித்த கேடு. சில நிமிடம் மூச்சுக்கு வரும், அப்புறம் காலி டப்பா.

வண்டிக்கும் அந்த இரண்டு நாளில் ஒரு வேலை உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், நம்ம ஊரில் பிடித்த டயர் காற்று அங்கே மீட்டரில் நாலைந்து புள்ளி கூடக் காட்டும். காலைக் குளிரில், டயர் சூடாகும் முன் பார்த்துக் குறைத்துவிட வேண்டும். திரும்பி வரும்போது மறக்காமல் ஏற்ற வேண்டும். இதே காரணத்தால்தான் கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் பலூனாக உப்பிப்போய் பின்சீட்டில் ஒன்று வெடித்தது.

லேவுக்கு வெளியே ஒரு கிராமத்தில் வீட்டுத் தங்கலில் இருந்தோம். சுற்றிலும் மொட்டை மலை, நடுவில் திடீரென்று பச்சை: பார்லி, பட்டாணி, வில்லோ மரம், ஆப்ரிகாட் மரம். லேயில் ஆண்டு முழுவதற்கும் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை, நமக்கு ஐப்பசி கார்த்திகையில் அது ஒரே நாளில் கொட்டிவிடும். அப்படியானால் பச்சை எங்கிருந்து? மேலே உருகுகிற பனியைச் சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டி வயலுக்கு இறக்குகிறார்கள். அந்த வீட்டு அம்மா காலையில் மண்வெட்டியோடு போனார், மாப்ளயும் பின்னாலேயே போய்விட்டான். வாய்க்கால் ஓரத்தில் ஒரு தட்டைக் கல், அதன் மேல் புல்லோடு வெட்டிய மண்கட்டி, இவ்வளவுதான் மடை. அந்த அம்மா கல்லைப் புரட்டிப் பக்கத்தில் வைத்தார், தண்ணீர் பாத்திக்குள் திரும்பியது. ஓரத்தில் கொஞ்சம் கசிந்தது. இவன் குனிந்து புல்கட்டியைக் கையால் அமுக்கி அடைத்தான், அவர் சிரித்துவிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அதற்கப்புறம் மண்வெட்டி இவன் கைக்கு வந்துவிட்டது.

யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதைப் பார்த்துக்கொள்ள, ஊரே ஒருவரை நியமித்து வைத்திருக்கிறது. சுர்போன் என்கிறார்கள். நம்ம பக்கத்தில் லஸ்கர் ஷட்டரைத் தூக்குவதும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் போலத்தான், ஆனால் ஆள் அரசு ஆள் இல்லை, ஊர் ஆள். அவர்களுக்கும் ஒரு மேட்டூர்ப் பிரச்சினை இருக்கிறது. விதைக்க வேண்டியது ஏப்ரல், மே. மேலே பனியாறு நன்றாக உருகி வர ஜூன் ஆகிவிடும். அந்த இடைவெளிக்குத்தான் செவாங் நோர்பெல் என்கிற பொறியாளர் 1987-லிருந்து ஊருக்குச் சற்று மேலே, தாழ்வான இடத்திலேயே, குளிர்காலத் தண்ணீரைத் தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனிப்பாறைகள் செய்தார்; 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் தொடங்கியது ஐஸ் ஸ்தூபி. மேலிருந்து குழாயில் வருகிற ஓடைத் தண்ணீரை, மோட்டார் இல்லாமல் அதன் சொந்த அழுத்தத்திலேயே பீய்ச்சினால், குளிரில் உறைந்து உறைந்து கூம்பாக ஏறும். கூம்பு என்பதால் வெயில் படுகிற பரப்பு குறைவு, மெதுவாகக் கரையும், விதைப்புக்குத் தண்ணீர் கொடுக்கும். நாங்கள் போனபோது கரைந்துபோய் ஈர மண்தான் மிச்சம். இருந்தாலும் குழாய் போகிற பாதையைக் கடைசி வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் இவன் திரும்பினான். லடாக் என்றால் ஏரியும் பைக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஒரு ராத்திரியாவது இந்த மாதிரி ஊரில் தங்குங்கள். ஓட்டல் செலவில் பாதிதான் ஆகும், சாப்பாடும் அதிலேயே.

லேயிலிருந்து கர்துங் லா ஏறி நுப்ராவில் இறங்கி, ஷ்யோக் ஆற்றை ஒட்டிய ரோட்டில் பாங்காங் ஏரிக்குப் போவது பலரும் போகிற சுற்று. எல்லைப் பகுதிக்குப் போக வாங்குகிற இன்னர் லைன் பெர்மிட் இந்தியர்களுக்கு இப்போது தேவையில்லை, சுற்றுச்சூழல் கட்டணம் கட்டிய ரசீதும் அடையாள அட்டை நகல்களும் கையில் வேண்டும். கர்துங் லா உச்சியில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள், போட்டோ எடுத்தால் இறங்குங்கள். நுப்ரா 3,100 மீட்டர், பாங்காங் 4,200-க்கு மேல். ஒரே நாளில் ஆயிரத்து நூறு மீட்டர் ஏறிப் படுக்கிறோம், அதனால் அந்த ஒரு ராத்திரியைப் பற்றி முன்னாடியே பேசி வைத்திருந்தோம்: யாருக்காவது தலைவலியோடு வாந்தியும் வந்தால் ரூம் காசு போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுவது, வேண்டாம் என்று சொல்கிற உரிமை நோயாளிக்குக் கிடையாது.

ஏரிக்கரையில் ஸ்பாங்மிக்கில் போய் இறங்கியபோது சாயங்காலம் நாலு மணி. மாப்ள காரை விட்டு இறங்கவில்லை. தலை இடிக்கிறது என்றான், பாரசிட்டமால் போட்டான், அதை வாந்தி எடுத்தான். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் எழுபதுகளில் காட்டியது. அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது, குளிரில் விரல் விறைத்திருந்தால் குறைத்துக் காட்டும். அதனால் தரையில் ஒரு கோட்டைக் காட்டி, குதிகாலும் விரலும் தொட்டுக்கொள்கிற மாதிரி நடக்கச் சொன்னேன். நேராகத்தான் நடந்தான். தடுமாறியிருந்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்கிற அறிகுறி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலும் இருமலும் இருந்தால் நுரையீரலில். இரண்டுமே உயிர் போகிற விஷயம், ஒரு நிமிடம் தாமதிக்கக்கூடாது. இவனுக்கு இரண்டும் இல்லை. "ஒண்ணுமில்லடா, தூங்குனா சரியாயிடும்" என்றான். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். சாவியை வாங்கிக்கொண்டேன்.

இங்கேதான் வரைபடத்தை உயரத்தோடு சேர்த்துப் பார்த்து வைத்திருந்தது உதவியது. லே பக்கம் இறங்கலாம் என்று கிளம்பினால் நடுவில் சாங் லா கணவாய், 5,300 மீட்டருக்கு மேல். இறங்குவதற்காக ஏற வேண்டும்! உடம்பு முடியாத ஆளை வைத்துக்கொண்டு அந்த வழியே நினைக்கக்கூடாது. சாங் லாவுக்கு இந்தப் பக்கமே தாங்சே என்கிற ஊர், ஏரியைவிடச் சுமார் முன்னூறு மீட்டர் தாழ்வு. அதுவும் போதாவிட்டால் துர்புக்கிலிருந்து ஷ்யோக் வழியாகக் கணவாயே இல்லாமல் நுப்ரா வரை இறங்கிக்கொண்டே போகலாம். இருட்டுவதற்குள் தாங்சே சேர்ந்துவிட்டோம். பத்து மணிக்கு வாந்தி நின்றது, விடியற்காலையில் "பசிக்குதுடா" என்றான். போகிற ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு தப்பிக்கும் வழியை, அதன் உயரத்தோடு, ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டவர் இருக்காது.

பசிக்கிறது என்றவன் கேட்டது ரசம் சாதம். ஊரிலிருந்து பொன்னி அரிசி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், கும்பகோணம் காப்பித்தூள், மூன்று லிட்டர் குக்கர் எல்லாம் டிக்கியில் இருந்தது. குக்கரை வைத்துவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாலாயிரம் மீட்டரில் தண்ணீர் 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, குமிழ் வருகிறது, அரிசி மட்டும் வேகாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் ஒரு நரம்பு இருக்கும். தங்கியிருந்த வீட்டுக்காரர் அடுப்பைக் கொடுத்தார். அரிசியை முக்கால் மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் ஒரு பங்கு கூட ஊற்றி, மூன்று விசில் இடத்தில் ஆறு விசில். திறந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன், குழைந்திருந்தது. குக்கரோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். காப்பிதான் கடைசி வரை சரியாக வரவில்லை. சூடு போதாமல் டிகாக்‌ஷன் நீர்த்தே இறங்கியது, மேலே எத்தனை தூள் போட்டும் பிரயோஜனமில்லை.

திரும்புகிற மணாலி வழியில் தண்ணீர்தான் விஷயம். தாங்லாங் லா, மோரே சமவெளி, பாங், கட்டா லூப்ஸ் என்று இருபத்தொரு கொண்டை ஊசி வளைவு, சர்ச்சு, பாரலாச்சா லா. பாலம் இல்லாத இடங்களில் பனி உருகிய ஓடை ரோட்டின் மேலேயே ஓடும். காலை எட்டு மணிக்குக் கணுக்கால் அளவு இருப்பது, வெயில் ஏறி மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு முழங்காலுக்கு மேல் வந்துவிடும். ராத்திரி உறைந்து மறுபடி குறையும். அதனால் ஓடை இருக்கிற பகுதியைக் காலையிலேயே தாண்டுகிற மாதிரி முந்தைய ராத்திரி தங்குமிடத்தை வையுங்கள். தாமதமாகிவிட்டால் இந்தக் கரையிலேயே நில்லுங்கள், ஒரு லாரி தாண்டுவதைப் பாருங்கள், தண்ணீர் அதன் சக்கரத்தில் எங்கே தொடுகிறது என்று தெரியும். இதில் மாப்ள கில்லாடி. அலை அலையாக உடைந்து பரந்து ஓடுகிற இடம் ஆழம் குறைவு, கல் இருக்கும். வழுவழுவென்று ஓசையில்லாமல் போகிற இடம் குழி. ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இது தெரிந்ததுதான். முதல் கியர், ஆக்சிலேட்டரை ஒரே சீராக மிதித்தபடி, நடுவில் கிளட்சைத் தொடாமல், நிற்காமல். அக்கரை போனதும் பிரேக்கை இரண்டு மூன்று தடவை லேசாக மிதித்து உலர்த்திக்கொள்ள வேண்டும்.

டீசல் லேயிலேயே நிரப்பிக்கொண்டோம், டாண்டி என்கிற ஊர் வரை வழியில் பங்க் எதையும் நம்ப வேண்டாம். எதிர்த்திசையில் வருகிறவர்களுக்காக, டாண்டி பங்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று பலகையே உண்டு. சந்திரா, பாகா இரண்டு ஆறும் சேர்ந்து செனாபாகிற இடம் அது. அதைத் தாண்டினால் 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை, ஒன்பது கிலோமீட்டர். முன்பெல்லாம் ரோஹ்தாங் கணவாயில் அரை நாள் நிற்க வேண்டியது இப்போது பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பக்கம் வெளியே வந்ததும் பருவமழை. 2023 ஜூலையில் பியாஸ் வெள்ளம் இந்த மணாலி ரோட்டைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. ஜூலை, ஆகஸ்டில் மணாலி–மண்டி பகுதியைப் பகலில் மட்டும் ஓட்டுங்கள், மேலிருந்து சின்னக் கல் உருண்டு வந்தாலே நிறுத்திவிடுங்கள்.

கேலாங்கில் டவர் கிடைத்ததும் இவன் போனில் வந்து விழுந்த முதல் செய்தி கபினி நிரம்பிவிட்டது, உபரி நீர் திறக்கிறார்கள் என்பது. அதற்கப்புறம் எனக்கு ஒரு இடமும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. குலு வேண்டாம், ஆக்ரா வேண்டாம், ஒரே ஓட்டம். ஜூலை 28-ல் மேட்டூரைத் திறந்தபோது இவன் ஊரில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான், நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு நாள் ஒரே காருக்குள் இருந்தும் நட்பு பிழைத்ததற்கு இரண்டு ஏற்பாடு காரணம். கிளம்பும்போதே இருவரும் சமமாகப் பணம் போட்டு ஒரு பை. டீசல், டோல், டீ, பஞ்சர் எல்லாம் அதிலிருந்து, கணக்கு எழுதுவதில்லை, தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுவது. அப்புறம், ஏ.சி.யும் ஜன்னலும் ஓட்டுகிறவன் இஷ்டம், பாட்டும் நிறுத்தமும் பக்கத்தில் இருப்பவன் இஷ்டம். ஒரே பாட்டை ஆந்திரா முழுக்கக் கேட்கவைத்தேன், அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கார் இல்லாதவர்கள் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் காட்ரா வரை போகிறது, அங்கிருந்து ஸ்ரீநகருக்கு டாக்சி பிடிக்கலாம். ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு அரசுப் பேருந்து, கார்கிலில் ராத்திரி நின்று மறுநாள் போகும், உயரக் கணக்குக்கும் அதுதான் நல்லது. திரும்ப லே–டெல்லி ஹிமாச்சல் அரசுப் பேருந்து இருக்கிறது, கோடைப் பருவத்தில் மட்டும், கேலாங்கில் ராத்திரித் தங்கல். நேரே விமானத்தில் லேயில் போய் இறங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: முதல் இரண்டு நாளைக்கு எந்தச் சுற்றுலாவுக்கும் முன்பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் முடியாவிட்டாலும் எழுந்து போகத்தான் தோன்றும்.